ஒன்று குறைந்த சீட்டுகள்

மூன்றாம் எண் கட்டடத்து லிஃப்டுக்கு வந்திருந்த நோய் மெக்கானிக் பெய் தாவ்லினுக்குப் பிடிபடவேயில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மாடிகளுக்கு நடுவில் சட்டென்று நின்றுவிடும். கால் நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோலத் தானாகக் கிளம்பும். எந்தக் கதவைச் சோதித்தாலும் அதில் குற்றமில்லை. ஆனால் எந்தக் கதவைக் கணக்கிலிருந்து நீக்கினாலும் லிஃப்ட் ஒழுங்காக ஓடியது.

இது எவ்வளவு விநோதம் என்பது, லிஃப்டின் காவல் கம்பி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் புரியும். அந்தக் கட்டடத்தில் பதினெட்டு மாடிகள், பதினெட்டு கதவுகள். ஒவ்வொரு கதவின் தலையிலும் கட்டைவிரல் அளவில் ஒரு தொடுப்பு உண்டு. கதவு சரியாக மூடினால் அதிலுள்ள இரண்டு செம்புத் தகடுகள் ஒன்றையொன்று தொடும். ஒரே கம்பி பதினெட்டுத் தொடுப்புகளுக்குள்ளும் நூல் மணிக்குள் போவதுபோலப் போய், மேலே இயந்திர அறையில் ஒரு ரிலேயில், அதாவது ஒரு மின்காந்தச் சுவிட்சில், முடிகிறது. அந்த ரிலே பிடித்துக்கொண்டிருக்கும்வரை லிஃப்ட் ஓடும். எங்கோ ஒரு கதவு திறந்திருந்தால் கம்பியின் தொடர்பு அறுபடும், ரிலே கைவிடும், லிஃப்ட் நிற்கும். பதினேழு கதவுகள் மூடியிருந்தும் பயனில்லை. மனித உயிரைக் காக்க இதைவிட எளிமையான ஏற்பாட்டை யாரும் கண்டுபிடித்ததில்லை என்பது தாவ்லினின் கருத்து.

அப்படியென்றால் நோயும் எளிமையாகத்தான் இருக்கவேண்டும். ஏதோ ஒரு தொடுப்பு கெட்டிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டரை ஒவ்வொரு தொடுப்பிலும் வைத்துப் பார்த்தான். தொடர்பு இருந்தால் மீட்டர் கீச்சிடும். பதினெட்டும் கீச்சிட்டன. பிறகு ஒரு துண்டுக் கம்பியால் ஐந்தாம் மாடித் தொடுப்பைத் தாண்டி இணைப்புக் கொடுத்தான். லிஃப்ட் ஓடியது. ஆக, ஐந்துதான் திருடன்! புதுத் தொடுப்பு மாட்டித் துண்டுக் கம்பியை எடுத்தான். இரண்டு நாள் ஓடி மறுபடி நின்றது. பதினொன்றைத் தாண்டிப் பார்த்தான், ஓடியது. இரண்டைத் தாண்டினான், அதற்கும் ஓடியது. துண்டுக் கம்பியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. அந்த மாடியில் கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் ஓடும், யாராவது குழிக்குள் விழுவார்கள்.

சீனத்து ஹுவாங்ஷி நகரில் ஆனி மாத மழை பிடித்துக்கொண்டால் சுவரும் வியர்க்கும். அந்த மழைக்குள் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின் தாவ்லின் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு முடிவு சொன்னான்: தொடுப்புகளில் கோளாறில்லை, கட்டுப்பாட்டுப் பலகையைத்தான் மாற்றவேண்டும்.

இந்தக் குடியிருப்பைக் கட்டிய சிமெண்ட் ஆலை மூடி எட்டு வருடமாகிறது. குடியிருப்பைக் கவனிக்க இப்போது யாருமில்லை. ஆலையில் கிரேன் ஓட்டிய ஹௌ அத்தைதான் வீடுவீடாகப் படியேறிப் பணம் வசூலித்தாள். மூன்றாம் மாடியிலிருந்து பதினெட்டாம் மாடிவரை அறுபத்து நான்கு வீடுகள், வீட்டுக்கு நானூறு யுவான்.

"ரெண்டாவது மாடிக்காரன் என்ன சொல்றான் தெரியுமா மேஸ்திரி? 'நான் லிஃப்டுல ஏறுறதே இல்ல, எனக்கெதுக்கு'ங்கிறான். போன மாசம் வாஷிங் மெஷினை எதுல ஏத்துனானாம், முதுகுலயா?"

"விடுங்க அத்தை. இருபத்தஞ்சாயிரத்து அறுநூறு. பலகை விலை சரியா அவ்வளவுதான்."

"உன் போனுக்கு அனுப்பிட்டேன். ரசீது கிசீதெல்லாம் வேணாம். பதினொரு வருஷமா எங்க உசுரு உன் கையிலதானே தொங்குது."

உண்மையில் தொங்கியது பதினான்காம் மாடியிலிருந்த நியே அண்ணனின் உயிர். ஆலையில் சூளை பார்த்தவர், ஐம்பத்தெட்டு வயது, மனைவி இல்லை, மகன் தெற்கே எங்கோ வேலையில். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அவருக்கு அந்த லிஃப்டும் ஒரு உறுப்பு மாதிரி.

பணம் வந்த மறுநாள் வுஹான் வியாபாரி கூப்பிட்டான். பலகை விலை ஏறிவிட்டது, முப்பத்தோராயிரத்து அறுநூறு. ஆறாயிரம் குறைகிறது. மறுபடி ஹௌ அத்தையைப் படியேறச் சொல்ல தாவ்லினுக்கு வாய் வரவில்லை. அவன் மனைவி தோங்குவான் நகரத்துத் தையல் ஆலையில் இருக்கிறாள், அவளிடம் கேட்கவும் முகமில்லை.

கட்டடத்தின் கீழே, தெருவைப் பார்த்தபடி லுவான் அக்காவின் விளையாட்டு லாட்டரிக் கடை இருந்தது. வேலை முடிந்து அங்கே போய் உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்து, இருபது யுவானுக்கு ஒரு சீட்டு வாங்குவது அவன் பழக்கம். கால்பந்து அவனுக்குத் தெரியும். கோடையில் ஐரோப்பாவின் பெரிய அணிகள் ஓய்வெடுக்கும்போது நார்வேக்காரர்களும் ஜப்பான்காரர்களும் ஆடுவார்கள். அவர்களில் யாருக்கு எந்த முழங்காலில் வலி என்பதுவரை சொல்வான். அந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தனியாக வாங்க முடியாது, குறைந்தது இரண்டையாவது ஒரே சீட்டில் கோர்க்கவேண்டும். கோர்த்தால் பரிசு மடங்குகள் ஒன்றோடொன்று பெருகும். பெரும்பாலும் ஜெயிக்கிற அணிக்கு ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல், அதாவது 1.27 கொடுப்பார்கள். நூறு கட்டினால் நூற்று இருபத்தேழு, கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். அப்படி ஐந்தைக் கோர்த்தால் முந்நூற்று முப்பது! கோர்த்ததில் ஒன்று தவறினாலும் சீட்டு செல்லாது.

குறைந்த ஆறாயிரத்துக்காக வசூல் பணத்தில் மூவாயிரத்தை எடுத்தான். பலகைக்கு ஆர்டர் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டான்.

நாலு அணிகள் ஜெயித்தன. ஐந்தாவது அணி கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கிச் சமனில் முடித்தது.

சீட்டு முற்றிலும் தோற்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பான். ஒன்று குறைந்ததுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. ஒன்றே ஒன்று! அந்த ஒன்றை மட்டும் கோர்க்காமல் விட்டிருந்தால்! லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு கதவு கதவாகத் தேடியதுபோலவே சீட்டிலும் அந்த ஒரு திருடனைத் தேடினான். ஒருநாள் நார்வே துறைமுக அணி, அவர்களை இனித் தொடுவதில்லை. ஒருநாள் மழையில் ஆடிய ஆட்டம், இனி மழையில் ஆடுவதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு திருடனையும் மாற்றினான். ஒவ்வொரு முறையும் வேறொருவன் திருடனானான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தான். அவனுடைய கணிப்பு பத்துக்கு ஏழு சரியாக இருப்பதை அந்த நோட்டே சொன்னது. பத்துக்கு ஏழு சரியாகச் சொல்கிறவன் எப்படித் தோற்கிறான்? அதுவும் அவனுக்குப் புரியவில்லை.

மூன்று வாரத்தில் முப்பது கோர்வைகள். கையில் ஐயாயிரம் மிச்சம்.

அந்த வியாழக்கிழமை லிஃப்ட் அடியோடு நின்றது. இப்போது எந்தக் கதவைத் தாண்டி இணைத்தாலும் அசையவில்லை. நியே அண்ணன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கப் பார்த்தார். பதினொன்றாம் மாடிவரை வந்து, அங்கேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து, திரும்பி ஏறிவிட்டார். ஒருநாள் சுத்திகரிப்பு தவறிப்போனது.

சனிக்கிழமை காலையில் தாவ்லின் ஒரு படுக்கை விரிப்பை முறுக்கி நாடாவாக்கி, அவரைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"என் எடை அறுபத்தொண்ணு," என்றார் நியே அண்ணன் அவன் காதருகில். "வியாழக்கிழமை தண்ணி மூணு கிலோ சேர்ந்திருக்கு. அதுக்குத் தனியாக் கூலி கேளு."

"பேசாதீங்க அண்ணே, மூச்சு வாங்கும்."

"தூக்குறது நீ. மூச்சு வாங்கறது உனக்கு. பேசறதுக்கு எனக்கென்ன?"

ஒன்பதாம் மாடியில் இறக்கி உட்கார வைத்தான். அவருடைய கணுக்கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"பலகை எப்ப வருது?"

"திங்கள்."

"போன திங்களா, வர்ற திங்களா?"

"வர்ற திங்கள் அண்ணே."

"செவ்வாய்க்கிழமை நான் போகணும். அதையும் தவறவிட்டா இந்தத் தண்ணி நுரையீரலுக்குப் போயிடுமாம். டாக்டரம்மா படமே வரைஞ்சு காட்டினா. அழகா வரையுறா."

தாவ்லின் மறுபடி முதுகைக் காட்டினான்.

அவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு நேரே லுவான் அக்காவின் கடைக்கு வந்தான். பாதி முன்பணம் கொடுத்தால் பலகையை உடனே அனுப்புவதாக வுஹான் வியாபாரி சொல்லியிருந்தான். பாதி என்றால் பதினைந்தாயிரத்து எண்ணூறு. ஐயாயிரத்தை 3.3 மடங்கில் வைத்தால் பதினாறாயிரத்து ஐந்நூறு. மாலை ஐந்து மணிக்கு ஜப்பானில் ஐந்து ஆட்டங்கள்.

"இத்தனையுமா?" என்றாள் லுவான் அக்கா. "நீ எப்பவும் இருபது யுவான் ஆளு. இந்த மாசம் உனக்கு என்ன வந்துச்சு தாவ்லின்?"

"அடிங்க அக்கா."

ஒரு சீட்டில் இருநூறுக்குமேல் அச்சாகாது. அதே ஐந்து ஆட்டங்களோடு இருபத்தைந்து சீட்டுகளை இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பியது.

நாலு மணிக்கு நியே அண்ணனைக் கூட்டிவந்தான். பதினான்கு மாடி ஏற்றத் தெம்பில்லை. "ஆட்டம் பாத்துட்டுப் போவோம், நான் அவசரமா எங்க போகப்போறேன்," என்று அவரே கடைக்குள் நுழைந்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார். அன்று சுத்திகரிப்பு முடிந்திருந்ததால் முகம் காகிதம்போல் வெளுத்திருந்தது.

முதல் ஆட்டம் ஜெயம். இரண்டாவதும் மூன்றாவதும் ஜெயம். நான்காவதில் எழுபதாவது நிமிடத்திலேயே மூன்று கோல். ஐந்தாவது அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தது. நேரம் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த நாலு நிமிடத்தில் மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. கார்னரிலிருந்து வந்த பந்து யாரோ ஒருவன் தோளில் பட்டு அந்த அணியின் வலைக்குள்ளேயே போயிற்று. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஐயோ என்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு சீட்டு இருந்தது.

தாவ்லின் சட்டைப்பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

நியே அண்ணன் அதை எடுத்து, சீட்டு விளையாடுகிறவர்போல நுனியை விரலால் தள்ளி எண்ணினார். இருபத்தைந்து. சூளையில் முப்பது வருடம் வெப்பத்தை நிறத்தைப் பார்த்தே சொன்ன மனிதர். அவனுடைய முகத்தையும் அப்படித்தான் பார்த்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக. "இதுல என் நானூறு எந்த ஆட்டத்துல இருக்கு?"

லுவான் அக்கா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். புரிந்ததும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டாள்.

"கட்டடத்துப் பணமா? அடப்பாவி. என் மிஷின்லயா?"

"ஒண்ணுதான் அக்கா குறைஞ்சது. பதினோராவது தடவை. பதினோரு தடவை ஒண்ணே ஒண்ணு! ஏன் எனக்கு மட்டும் இப்படி?"

"உனக்கு மட்டுமா?" அவள் மேசைக்கடியிலிருந்த குப்பைக் கூடையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "ஒரு வாரத்துக் குப்பை. நீயே பாரு. தினமும் இதே ஒப்பாரிதான் கேக்குறேன். ஒண்ணு குறைஞ்சது, ஒண்ணு குறைஞ்சதுன்னு. அதைச் சொல்றதுக்காகவே மறுநாள் வர்றானுங்க."

நியே அண்ணன் பின்னறையில் லுவான் அக்கா விரித்த மடக்குக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தாவ்லின் தரையில் உட்கார்ந்து கூடையைக் கவிழ்த்தான். வேறு எதையும் செய்யத் தெரியாததால் அதைச் செய்தான். சுவரில் ஒட்டியிருந்த முடிவுகளோடு ஒப்பிட்டு, ஒன்று தவறியவை ஒரு பக்கம், இரண்டு தவறியவை ஒரு பக்கம், மூன்றும் அதற்கு மேலும் ஒரு பக்கம் என்று பிரித்தான். ஒன்று தவறியவைதான் பெரிய குவியல். அவனுக்குத் தெரியாத எத்தனையோ பேர் அதே ஒன்றில் செத்திருந்தார்கள்.

நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். பத்துக்கு ஏழு சரி. இரண்டு ஆட்டமும் சரியாக வர, ஏழை ஏழால் பெருக்கவேண்டும்: நூற்றுக்கு நாற்பத்தொன்பது. ஐந்து ஆட்டத்துக்கும் இப்படியே பெருக்கினால் நூற்றுக்குப் பதினேழு. சரியாக ஒன்று மட்டும் தவற எத்தனை? தவறுவது ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம், ஆகவே ஐந்து வழி. ஐந்தையும் கூட்டினால் நூற்றுக்கு முப்பத்தாறு. ஜெயிப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒன்று குறைவது துரதிர்ஷ்டமில்லை, நெருங்கிவிட்டதன் அடையாளமும் இல்லை. கோர்த்தவனுக்கு மிக அதிகமாக நடப்பதே அதுதான். நோட்டைப் புரட்டி எண்ணினான். முப்பத்தொரு கோர்வைகளில் ஐந்து ஜெயம், பதினொன்று ஒன்று குறைவு, பத்து இரண்டு குறைவு, ஐந்து அதற்கும் கீழ். அவனுக்கு எந்தத் தனி அநியாயமும் நடந்திருக்கவில்லை. கணக்கு என்ன சொன்னதோ அதுவே நடந்திருந்தது.

ஜெயித்த ஐந்து கோர்வைகள் மற்றதை ஈடுகட்டியிருக்க வேண்டாமா? பத்துக்கு ஏழு ஜெயிக்கிற அணிக்கு நியாயமான மடங்கு 1.43. அவர்கள் கொடுத்தது 1.27. நூறு யுவானுக்குப் பதினொன்று ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. ஒரு ஆட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் இரண்டைக் கோர்த்தால் நூறில் எழுபத்தொன்பதுதான் மிச்சம். மூன்றுக்கு எழுபது, நாலுக்கு அறுபத்து மூன்று, ஐந்துக்கு ஐம்பத்தாறு. எந்த ஆட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் குற்றமில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சமே கொஞ்சம் தின்கிறது. கடைசியில் போய்ச் சேர்வது பாதி.

பென்சில் நின்றது. எந்தக் கதவைச் சோதித்தாலும் குற்றமில்லை.

ஞாயிறு காலையில் இயந்திர அறைக்கு ஏறினான். இம்முறை மின்சாரத்தை நிறுத்தவில்லை. ஓடுகிற கம்பியின் தொடக்கத்தில் மீட்டரை வைத்தான்: நூற்றுப் பத்து வோல்ட். கடைசியில், ரிலேயின் வாசலில் வைத்தான்: எண்பது. ரிலேக்குக் குறைந்தது எண்பத்து நான்கு வேண்டும். பிறகு லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கியபடி மாடி மாடியாக இறங்கினான். ஒரு தொடுப்பில் ஒன்றரை வோல்ட் காணாமல் போயிருந்தது, அடுத்ததில் ஒன்றேமுக்கால், அடுத்ததில் மறுபடி ஒன்றரை. செம்பின்மேல் மழை ஈரம் கருப்பாக ஒரு தோல் கட்டியிருந்தது. மின்சாரத்தை நிறுத்திச் சோதித்தால் மீட்டர் கீச்சிட அந்தத் தோல் ஒரு தடையே இல்லை. ஒரு கதவைத் தாண்டி இணைத்தபோது ஒன்றரை வோல்ட் மிச்சமாகி ரிலே மயிரிழையில் பிடித்துக்கொண்டது. அதனால்தான் எந்தக் கதவும் திருடனாகத் தெரிந்தது. வியாழக்கிழமை மழையில் தோல் தடித்ததும் அந்த மிச்சமும் போதவில்லை. ஐந்தாம் மாடியில் அவன் மாட்டிய புதுத் தொடுப்பு மட்டும் சுத்தமாக இருந்தது. பழையதைக் கழற்றி அதை மாட்டியபோதே புரிந்திருக்க வேண்டும்.

பொடி உப்புத்தாளால் ஒவ்வொரு தகட்டையும் தேய்த்தான், சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்தான். மதியத்துக்குள் முடிந்தது. கடைசியில் அளந்தான்: நூற்றொன்பது. லிஃப்ட் மேலும் கீழும் ஓடியது. தன் வேலையில் இதைவிட அழகான ஒன்றை அவன் கண்டுபிடித்ததில்லை. அதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஒருவரும் மிச்சமில்லை.

பின்னறையில் படுத்திருந்த நியே அண்ணனை லிஃப்டில் ஏற்றினான். ஏழாம் மாடி தாண்டியதும் அவர் கேட்டார்.

"பலகையா?"

"இல்ல அண்ணே. பலகை நல்லாத்தான் இருந்துச்சு. அழுக்கு. தேய்ச்சேன்."

"எவ்வளவு ஆச்சு?"

"உப்புத்தாள் மூணு யுவான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டார். பதினான்கில் கதவு திறந்தபோது சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"ஹௌகிட்ட நான் சொல்லமாட்டேன்," என்றார். "எனக்கு அந்தத் தெம்பில்ல. நீயே எழுதி ஒட்டு. செவ்வாய்க்கிழமைக்குள்ள வேற ஆளை வரச்சொல்லி லிஃப்டைப் பாக்கச் சொல்லு. உன் கையை நம்பி நான் இனி ஏறமாட்டேன்."

கதவு மூடியது. பதினெட்டு ஜோடித் தகடுகளும் தொட்டுக்கொண்டன. தாவ்லின் தரைத்தளத்துக்கு இறங்கி, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, லிஃப்டுக்குள் கண் மட்டத்தில் ஒட்டினான்.

"மூன்றாம் எண் கட்டடத்து அறுபத்து நான்கு வீட்டாருக்கு. நீங்கள் கொடுத்த 25,600 யுவானில் பலகை வாங்கவில்லை. அதை முப்பத்தொரு கோர்வைகளில் வைத்துத் தோற்றேன். ஒன்றும் மிச்சமில்லை. என் உரிமத்தின் நகல் கீழே இருக்கிறது, புகார் கொடுங்கள். பலகை தேவைப்படவும் இல்லை. என் தவறு இதுதான்: ஒவ்வொன்றாகச் சோதித்தேன், எல்லாம் நன்றாக இருந்தன. அடுத்து வரும் மெக்கானிக்குக்கு: தொடுப்புகளைத் தனித்தனியாகச் சோதிக்கவேண்டாம். மின்சாரம் ஓடும்போது தொடக்கத்தில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்று அளக்கவும். இடையில் பத்து வோல்டுக்குமேல் குறைந்திருந்தால் பதினெட்டையும் தேய்க்கவும். வருடந்தோறும் மழைக்கு முன் செய்யவும்."